ஆடுகளைத் தமிழில் கூப்பிட வைத்தேன்

1

சென்ற ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் என் மகள் ஒரு சீட்டு ஒட்டியிருந்தாள். நீச்சலுக்குப் போறேன், ஆறு மணிக்கு வாரேன், தயிர் தீந்துபோச்சு. செய்தி இவ்வளவுதான். மொழி தமிழ். எழுத்து தமிழ் இல்லை, டேனிஷ். 'போறேன்' என்பதில் வரும் நீண்ட ஒலிக்காக, தலையில் சிறு வட்டத்தைச் சுமந்து நிற்கும் ஒரு டேனிஷ் எழுத்தைப் போட்டிருந்தாள். வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் கேட்கும் 'போறேன்' அப்படியே வந்தது.

டென்மார்க்கின் ஓர்ஹூஸ் நகரத்துக்கு நாங்கள் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் முடிந்த வாரம் அது. என் மனைவி எஸ்தர் மின்பொறியாளர். தேவர்குளம் பக்கம் காற்றாலைகளில் வேலை பார்த்தவர், காற்றாலைகளோடே இங்கே வந்தார். அவரோடு நான் வந்தேன். ஷைனிக்கு அப்போது ஒரு வயது, இப்போது பதின்மூன்று. தமிழ் பேசுவாள். எழுத வராது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இரண்டு ஆண்டுகள் போனாள், மூன்றாம் ஆண்டு கால்பந்துக்குப் போனாள்.

அந்தச் சீட்டைப் பார்த்ததும் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். சிவப்புப் பேனா எடுத்து மூன்று வரிகளையும் அடித்தேன். கீழே தமிழ் எழுத்தில், 'நீச்சல் குளத்துக்குச் செல்கிறேன். ஆறு மணிக்குத் திரும்புவேன். தயிர் தீர்ந்துவிட்டது' என்று எழுதி, முற்றுப்புள்ளிகளைச் சரிபார்த்து, காந்தத்தை நேராக வைத்தேன்.

மறுநாள் சீட்டு டேனிஷ் மொழியிலேயே இருந்தது. அதற்கு அடுத்த நாள் சீட்டே இல்லை. கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது: காலியான பால் டப்பா.

"இது என்ன, பேப்பர் ஆபீசா?" என்றார் எஸ்தர். "பிள்ளை எழுதினதே பெருசு. அதுல போய் 'செல்கிறேன்'னு திருத்தி வச்சிருக்கீங்க. நம்ம வீட்ல என்னைக்கு யாரு எங்க சென்றுருக்கா? போறோம், வாறோம். அவ்வளவுதான்."

நான் இதைச் செய்வது முதல் தடவை இல்லை. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் இதே சிவப்புப் பேனாவால் ஒருவரை எழுதவிடாமல் செய்தவன் நான். அவரிடமிருந்து அந்த வாரக் கடைசியில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது.

"அண்ணாச்சி, திருவேங்கடம் ரெங்கநாயகி. ஞாபகம் இருக்கா? நாவல் எழுதியிருக்கேன். அச்சுக்குப் போகுது. ப்ரூஃப் நீங்கதான் பாக்கணும்."

2

திருநெல்வேலியில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஞாயிறு இணைப்பிதழின் கதைகளும் என்னிடம்தான் வரும். மேசைக்கு ஒரு விதி இருந்தது. யாரும் எழுதி வைக்கவில்லை, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே காதில் விழுந்துவிடும்: உரையாடலில் ஊர்ப்பேச்சு கொஞ்சம் இருக்கலாம், வேறு மொழி வந்தால் தமிழாக்கிவிடு.

ரெங்கநாயகி அனுப்பிய கதை ஓர் ஆடு மேய்ப்பவரைப் பற்றியது. மழை பிந்திய ஆண்டு, அவர் கிடையை ஓட்டிக்கொண்டு திருவேங்கடத்திலிருந்து மேலநீலிதநல்லூர் வரை நடக்கிறார். வழியில் மனிதர்களிடம் தமிழ் பேசுகிறார், ஆடுகளிடம் தெலுங்கு. கதையின் பாதி அவர் ஆடுகளிடம் பேசுவதுதான். அந்தத் தெலுங்கு முழுவதும் தமிழ் எழுத்தில் எழுதப்பட்டிருந்தது.

நான் அதை நல்ல கதை என்றே நினைத்தேன். நல்ல கதை என்பதால்தான் நேரம் செலவழித்துத் திருத்தினேன். ஆடுகளிடம் பேசியதையெல்லாம் தமிழாக்கினேன். எனக்குத் தெரிந்த தெலுங்கு நாலைந்து சொல்தான், மற்றதையெல்லாம் ஊகித்தேன். ஞாயிற்றுக்கிழமை படத்தோடு வெளிவந்தது.

புதன்கிழமை ரெங்கநாயகி நேரில் வந்தார். திருவேங்கடத்திலிருந்து சங்கரன்கோவிலுக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து திருநெல்வேலிக்கு இன்னொன்று. கையில் இணைப்பிதழை மடித்து வைத்திருந்தார். வயது முப்பது இருக்கும். தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார்.

"சார், இந்தக் கதைய எழுதுனது யாரு?"

"நீங்கதானே?"

"பேரு என்னோடதுதான். எங்க சின்ன மாமா சின்னப் பிள்ளையில இருந்து ஆடு மேய்க்காரு. ஒரு ஆட்டக்கூட தமிழ்ல கூப்பிட்டதில்ல. இதுல கூப்பிடுதாரே, ஆடு திரும்பிப் பாக்குமா?"

"படிக்கிறவங்களுக்குப் புரியணும்லா?"

"ஆட்டுக்குப் புரியாண்டாமா?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். ரெங்கநாயகி சிரிக்கவில்லை. பையிலிருந்து ஓர் உள்நாட்டுத் தபாலை எடுத்துக் காட்டினார். அவருடைய நாத்தனார் எழுதியது. 'நலம், நலமறிய ஆவல்' வரை தமிழ். அதற்குப் பிறகு மாமியார் சண்டை, பிள்ளைக்குக் காய்ச்சல், கடலைக்கு விலையில்லாதது எல்லாம் தெலுங்கு, தமிழ் எழுத்தில்.

"எங்க வீடுகள்ல தெலுங்குக்கு எழுத்து கிடையாது சார். எத்தனையோ தலமுறையா இப்பிடித்தான் எழுதிக்கிடுதோம். முகவரி தமிழ், மரியாத தமிழ், மனசு தெலுங்கு. இது யாரும் பாத்து வெட்டுத லெட்டர் இல்ல. அதனால முழுசாப் போய்ச் சேந்துச்சு."

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். பிறகு எங்களுக்குக் கதை அனுப்பவில்லை. வேறு யாருக்கும் அனுப்பவில்லை என்பது எனக்கு இந்த ஆண்டுதான் தெரிந்தது.

எங்கள் அப்பா சங்கரன்கோவிலில் பாத்திரக்கடை வைத்திருந்தார். கல்யாணச் சீருக்குப் பாத்திரம் எடுக்கத் திருவேங்கடம் பக்கத்துக் கிராமத்தார் குடும்பத்தோடு வருவார்கள். எங்களிடம் தமிழில் விலை கேட்பார்கள். தங்களுக்குள் தெலுங்கில் கலந்து பேசுவார்கள், கடைக்காரருக்குப் புரியக்கூடாது என்று. அப்பாவுக்கு நன்றாகவே புரியும். புரிவதை முகத்தில் காட்டாமல் குண்டாவைத் துடைத்துக்கொண்டே இருப்பார். ஒரே கடைக்குள் இப்படி இரண்டு மொழிகள், ஒன்றையொன்று ஒட்டுக் கேட்டுக்கொண்டு, தெரியாததுபோல நடித்துக்கொண்டு இருந்தன. எங்கள் வட்டாரத்துக் கதைகளில் வரும் பேச்சுக்கு ஏன் அவ்வளவு ருசி என்று பின்னாளில் கட்டுரைகள் படித்தபோது, எனக்கு அந்தக் கடைதான் நினைவுக்கு வந்தது. கரிசல் காட்டுத் தமிழில் தெலுங்கு இருக்கிறது. புளியங்குடியில் எலுமிச்சம்பழம் ஏற்ற வந்த கேரளத்து லாரிக்காரர்களின் மலையாளம் இருக்கிறது. எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஜெபத்தின் தமிழ், வேறு எந்த வீட்டிலும் யாரும் பேசாத தமிழ். இத்தனையும் காதில் விழுந்து வளர்ந்தவன், மேசையில் உட்கார்ந்ததும் ஒரே தமிழைத் தவிர மற்றதையெல்லாம் வெட்டினேன். அதற்குச் சம்பளமும் வாங்கினேன்.

3

டென்மார்க் வந்த பிறகு வெட்டுப்படும் முறை எனக்கு வந்தது.

முதல் ஆண்டு, நகராட்சி அலுவலகத்தில் ஒரு நேர்காணல். என் படிப்பு, அனுபவம், என்ன வேலைக்கு லாயக்கு என்று முடிவு செய்வார்கள். மொழிபெயர்க்க ஒரு தமிழர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், டென்மார்க்கில் முப்பது ஆண்டுகளாக இருப்பவர், மிகவும் நல்ல மனிதர்.

"நீங்கள் அங்கை என்ன வேலை செய்தனீங்கள்?"

"பேப்பர்ல டெஸ்க்ல இருந்தேன். காப்பி பாப்பேன்."

செய்திகளைத் திருத்துவதை எங்கள் மேசையில் 'காப்பி பார்ப்பது' என்போம். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு அதிகாரியிடம் டேனிஷில் சொன்னார். அதிகாரி தலையசைத்து எழுதிக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து வந்த கடிதத்தை எஸ்தர் படித்துச் சொன்னார்: எனக்குத் தாள் தொழிற்சாலையில் மேற்பார்வை அனுபவம் இருப்பதாக அதில் இருந்தது. பதினொரு ஆண்டுகள். அந்தக் கடிதத்தைத் திருத்த எட்டு மாதங்கள் ஆயின. அதற்குள் எனக்கு வேலை கிடைத்துவிட்டது, மருத்துவமனைத் துணிகளைச் சலவை செய்யும் ஓர் ஆலையில். இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

ஆலையில் எங்கள் வரிசையில் பதினாறு பேர். போலந்து, சிரியா, சோமாலியா, டென்மார்க். ஆறு மாதத்தில் எனக்கு ஒரு மொழி வந்துவிட்டது. அது டேனிஷ் என்று நினைத்து மாலை வகுப்பில் பேசினேன். ஆசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். வினைச்சொல் டேனிஷ், வசவு போலிஷ், 'போதும்', 'சீக்கிரம்', 'கடவுளே' எல்லாம் அரபு. அந்தப் பதினாறு பேருக்கு வெளியே உலகத்தில் யாருக்கும் புரியாத மொழி அது. எங்களுக்குள் ஒரு சொல்லும் வீணாகாது. இயந்திரம் சிக்கிக்கொண்டால் ஒற்றைச் சொல்லில் பதினாறு பேரும் கையை எடுத்துவிடுவோம்.

அதே மொழியில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன், ஆசிரியை சிவப்புப் பேனா எடுத்தார். அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தபோது எனக்கு ஏற்பட்ட உணர்வை இங்கே விவரிக்க வேண்டாம். திருநெல்வேலிப் பேருந்தில் மடித்த இணைப்பிதழோடு திரும்பிய ஒருவர் அதை எனக்கு முன்பே உணர்ந்திருந்தார்.

4

ரெங்கநாயகியைத் தொலைபேசியில் அழைத்து, ஏன் நான் என்று கேட்டேன். ப்ரூஃப் பார்க்க மதுரையில், சென்னையில் ஆட்கள் இல்லையா?

"நீங்க ஒருக்கா வெட்டினவங்க அண்ணாச்சி. எங்கன வெட்டுவாங்கன்னு உங்களுக்குத் தெரியும்."

இதைவிடச் சரியான பணிநியமன ஆணை எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை.

நாவலின் பெயரைப் புத்தகம் கையில் கிடைக்கும்போது நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கதை இதுதான்: சென்னம்மா என்றொரு பெண், அவள் கணவன். காற்றாலைக்குப் பாதை போட அவர்கள் புஞ்சையில் ஒரு துண்டு போய்விடுகிறது. வரவேண்டிய இழப்பீடு வரவில்லை. இருவரும் திரும்பத் திரும்பப் பேருந்து ஏறித் தாலுகா அலுவலகத்துக்குப் போகிறார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள், பேருந்தில் தமிழ், அலுவலக ஜன்னலில் பாதி ஆங்கிலம். ஒவ்வொரு மொழியிலும் அவர்கள் வேறு வேறு மனிதர்கள். தெலுங்கில் சென்னம்மா புலி. தமிழில் கெட்டிக்காரி. ஆங்கிலச் சொற்கள் விழும் ஜன்னலுக்கு முன்னால் கைகட்டி நிற்பவள். ஒரே நாளில் அவள் இப்படி மூன்று ஆளாக மாறுவதும் மாலையில் மறுபடி புலியாக வீடு திரும்புவதும்தான் நாவல். பதினான்கு ஆண்டுகள் மனு எழுதிய கை எழுதியது. மொழிகள் கலக்காத ஊரில் இந்தக் கதை நடக்கவே நடக்காது.

ப்ரூஃப் ஜூலை நடுவில் மின்னஞ்சலில் வந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தேன். முதல் ஐந்து அத்தியாயங்களில் பிழையே இல்லை. 'மிகச் சுத்தமான ப்ரூஃப்' என்று குறிப்பு எழுதி ரெங்கநாயகிக்கு ஒரு பிரதி அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் அழைத்தார்.

"அண்ணாச்சி, சென்னம்மா டிவில நியூஸ் வாசிக்கா."

"என்ன?"

"எல்லாத் தெலுங்கையும் மாத்திட்டாங்க. கெணறு, பஸ்ஸு, மனுன்னு நாங்க சொல்லுத சொல்லு எதுவும் இல்ல. எனக்கே பாதி புரியல. அவ புருசன் அவளுக்கு விழா மேடையில பேசுத மாதிரி பதில் சொல்லுதான். நீங்க பாத்தீங்களா இல்லயா?"

பார்த்தேன். எனக்குத் தெலுங்கு தெரியாது. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. ஆள் மாறாட்டம் நடந்திருப்பதைப் பிழை இல்லாத பக்கம் மறைத்துவிட்டது. பதினொரு ஆண்டு மேசையில் கற்ற தொழில் என்னை இரண்டாம் தடவையும் அதே இடத்தில் வழுக்கிவிட்டது.

பதிப்பாளரை அழைத்தேன். அவரும் நல்லெண்ணத்தில்தான் செய்திருந்தார். ஓய்வுபெற்ற தெலுங்குப் பேராசிரியர் ஒருவரிடம் உரையாடல்களைக் கொடுத்திருக்கிறார். அவர் இரண்டு மாதம் உழைத்து, தமிழ் கலந்த ஒவ்வொரு சொல்லையும் களைந்து, இலக்கணத் தெலுங்காக்கி, பணம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

"தப்பும் தவறுமா அச்சிட்டா அசிங்கம் சார். நாளைக்கு ஆந்திராவுல ஒருத்தர் படிச்சா சிரிப்பார்."

"சென்னம்மா ஆந்திராவுக்குப் போனதில்ல சார். அவ கதையிலே அதிகபட்சம் போன ஊர் தென்காசி."

"அதுக்காக?"

"அவ வீட்டுத் தெலுங்கு எத்தனையோ தலைமுறையா நம்ம கிணத்துத் தண்ணி குடிச்சது. அந்தத் தண்ணிய இறைச்சு வெளியே ஊத்திட்டா, மிச்சம் இருக்கிறது அவ இல்ல."

பிறகு பதிப்பாளர் சொன்னார்: பழைய கோப்பின்மேலேயே திருத்தியாகிவிட்டது, தனிப் பிரதி இல்லை. வெளியீட்டுக்குச் சங்கரன்கோவிலில் மண்டபம் பதிவு செய்தாகிவிட்டது. கோப்பு வெள்ளிக்கிழமை காலை அச்சகத்துக்குப் போகும். அதற்குள் பழையபடி ஆக்கித் தந்தால் அப்படியே அச்சிடுகிறேன். இல்லையென்றால் இதுதான் புத்தகம்.

அன்று திங்கட்கிழமை. ரெங்கநாயகியிடம் சொன்னேன்.

"இதுதான் புத்தகம்னா எனக்குப் புத்தகமே வேண்டாம்" என்றார். குரல் உயரவில்லை. "ஒருக்கா எம்பேருல வேற ஆளு எழுதுனதுக்கே பதினாலு வருசம் ஆச்சு, திரும்ப பேனா எடுக்க. இன்னொரு பதினாலு எங்கிட்ட இல்ல அண்ணாச்சி."

5

மூலப் பிரதி இருந்தது, ஜெராக்ஸ் கடையில் வீணாகிப்போன தாள்களின் பின்பக்கத்தில். யாரோ ஒருவரின் சாதிச் சான்றிதழ், இன்னொருவரின் பட்டா, அதன் முதுகில் சென்னம்மா. படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். முன்பக்கத்து மை பின்பக்கம் ஊறி ஒரு வரியும் தெளிவாக இல்லை. ஒரே வழிதான்: அவர் தொலைபேசியில் வாசிக்க வேண்டும், நான் கேட்டு எழுத வேண்டும்.

ஆலையில் ஜூலை விடுமுறை என்பது நல்லதாகப் போயிற்று. அவருக்கு மதியம் ஒன்றரை, எங்களுக்குக் காலை பத்து. கடையில் கூட்டம் குறையும் நேரம். முதல் நாள் ஒரு மணி நேரத்தில் ஒன்றரைப் பக்கம்தான் முடிந்தது. என் காது தெலுங்கைத் தமிழாகவே கேட்டது. நான் எழுதியதைத் திருப்பிப் படித்தால், "அது இல்ல, அது இல்ல" என்றபடி இருந்தார். இந்த வேகத்தில் புத்தகம் வெள்ளிக்கிழமை முடியாது, கிறிஸ்துமஸுக்கு முடியும்.

ஷைனி கையில் ரொட்டியோடு கதவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஃபிரிட்ஜ் விவகாரத்துக்குப் பிறகு என்னிடம் அதிகம் பேசுவதில்லை.

"டாடி, நீங்க அவங்க சொல்றத எழுதல. நீங்க நினைக்கிறத எழுதுறீங்க."

"உனக்குத் தெலுங்கு தெரியுமோ?"

"தெரியாது. அதான் ஈசி."

மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ரெங்கநாயகி வாசிக்க வாசிக்க டேனிஷ் எழுத்தில் தட்டினாள். எந்த மொழி, என்ன பொருள், சரியா தவறா என்ற கவலை எதுவும் இல்லை. காதில் விழுந்தது விரலில் வந்தது. அரை மணி நேரம் கழித்து அவள் தட்டியதை நான் வாய்விட்டுப் படித்தேன்.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன், இருக்கேன். திரும்பப் படிங்க அண்ணாச்சி. எங்க வீட்டு அடுப்படியில நின்னு யாரோ பேசுத மாதிரி இருக்கு."

அதன்பிறகு வேலை பிடித்துக்கொண்டது, கடை மூடிய பிறகும் நடந்தது. திருவேங்கடத்தில் தெலுங்கு, அது ஓர்ஹூஸில் டேனிஷ் எழுத்து, அங்கிருந்து என் கையில் தமிழ் எழுத்து. நடுவில் யாரும் எதையும் திருத்தவில்லை. இரண்டு நாளில் அவர்கள் இருவரும் நண்பர்களாகிவிட்டார்கள். "ஏட்டி, இன்னைக்கு என்ன சாப்பிட்ட?" என்று தொடங்கினால்தான் வாசிப்பு ஆரம்பிக்கும். என் மகளை 'ஏட்டி' என்று கூப்பிட டென்மார்க்கில் யாரும் இல்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது.

வியாழக்கிழமை, கடைசியாக மிச்சமிருந்த மூன்றாம் அத்தியாயத்தில் நின்றுபோனோம். அந்தத் தாள்களைக் காணவில்லை. கடை முதலாளி வெற்றுப் பக்கம் என்று நினைத்து அவற்றில் எதையோ அச்சடித்திருக்கலாம். ரெங்கநாயகி நினைவிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். பேருந்தில் இடம் பிடித்ததற்காகச் சென்னம்மா இன்னொருத்தியைத் திட்டும் இடம். மனு எழுத வந்து காத்திருந்த ஒருவரின் குரல் இடையில் புகுந்தது.

"எம்மா, இப்பிடியா திட்டுவாங்க? இன்னும் நல்லாத் திட்டலாமே."

"நீரு சும்மா இரும் வே, இது கத."

"கதைன்னா கொறச்சாத் திட்டணுமோ?"

அவர் சொன்ன திட்டு நாவலில் இருக்கிறது. நன்றிப் பக்கத்தில் ஷைனியின் பெயரும் இருக்கிறது. கோப்பு வெள்ளிக்கிழமை காலை, அச்சகம் திறப்பதற்கு முன்பே பதிப்பாளருக்குப் போய்விட்டது. அவர் பேராசிரியருக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறார். பேராசிரியர் ஒரு முழு நாள் எடுத்துக்கொண்டு பதில் எழுதியதாகச் சொன்னார்: 'இதை நான் திருத்தியிருக்கக் கூடாது. என் ஆசிரியர் இதைப் பிழை என்பார். அவருடைய அம்மா இப்படித்தான் பேசியிருப்பார்.'

6

ஆடித்தபசுத் திருவிழா முடிந்து ஊர் மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வெளியீடு. ஓர்ஹூஸிலிருந்து நான் மட்டும் வந்திருந்தேன். கல்யாண மண்டபத்தின் மாடியில் நாற்காலிகள். நூறு பேர் வந்தால் பெரிது என்று பதிப்பாளர் சொல்லியிருந்தார். ஐந்து மணிக்கு நாற்காலிகள் நிறைந்து, கீழேயிருந்து பந்திப் பலகைகளை எடுத்து வந்து போட்டார்கள். இலக்கியக் கூட்டத்துக்கு வழக்கமாக வரும் பேராசிரியர்களும் கவிஞர்களும் முதல் இரண்டு வரிசை. மற்றவர்கள் திருவேங்கடம் பேருந்துகளில் வந்தவர்கள். ரெங்கநாயகியிடம் மனு எழுதி வாங்கியவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள். இதுவும் ஏதோ மனு விஷயம் என்று பத்திரத்தோடு வந்தவர்களும் இருந்தார்கள்.

நாற்பத்து நான்கு வயது ரெங்கநாயகி மேடையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பேச மாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டார். ஒரு பக்கம் வாசிக்க வேண்டும் என்று கேட்டபோது, என்னைக் கை காட்டினார்.

"அண்ணாச்சி வாசிப்பாங்க."

எனக்குத் தெலுங்கு வராது என்று மெல்லச் சொன்னேன்.

"தமிழ் எழுத்துலதானே இருக்கு? எழுதியிருக்கத வாசிங்க."

பேருந்து நிலையக் காட்சி. சென்னம்மாவின் கணவன் குழப்பத்தில் புளியங்குடிப் பேருந்தில் ஏறப் பார்க்கிறான். அவள் கூட்டத்துக்கு நடுவிலிருந்து சத்தம் போடுகிறாள். நான் ஒலிபெருக்கியில் வாசித்தேன்: "ஏட போத்தாவு? இட்ரா!"

'எங்க போற? இங்க வாடா' என்பதுதான் அது. நான் அதைச் செய்தித்தாள் தலைப்பைப் போல வாசித்திருப்பேன். பின்வரிசைகளில் ஆரம்பித்த சிரிப்பு முன்வரிசை வரை வந்தது. தமிழ்க் கவிஞர்களும் சிரித்தார்கள், பொருள் சொல்லத் தேவையில்லாமலே.

தோளில் துண்டு போட்ட ஒரு பெரியவர் எழுந்தார். "அதெல்லாம் தப்பு. எங்க வீடுகள்ல பொண்டாட்டி புருசன 'இட்ரா'ங்க மாட்டா. மரியாதையாத்தான் கூப்பிடுவா."

பேராசிரியர் திருத்திய கோப்பிலும் சென்னம்மா மரியாதையாகத்தான் கூப்பிட்டிருந்தாள்.

பெரியவருக்கு மூன்று நாற்காலி தள்ளி, சிவப்புச் சேலைக்காரப் பெண் ஒருவர் எழுந்தார். அவர் பெரியவரைப் பார்த்துப் பேசவில்லை, கூட்டத்தைப் பார்த்துப் பேசினார்.

"தமிழ்ல 'வாங்க'ம்போம். ஊரு கேக்கும்லா. வீட்டுக்குள்ள எல்லாம் 'இட்ரா'தான். பக்கத்துல இருக்காரே, என் வீட்டுக்காரரு, அவரக் கேளுங்க."

அந்த வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். இந்தத் தடவை பெண்கள் வரிசையிலிருந்து எழுந்த சத்தத்தில் ஒலிபெருக்கி கீச்சிட்டது. அப்பாவின் கடையில் யாருக்கும் கேட்கக்கூடாது என்று வாயைக் குவித்துப் பேசிய மொழி, சங்கரன்கோவிலில், ஒலிபெருக்கிக்கு முன்னால், வரிசை வரிசையாகச் சண்டை போட்டது. "எங்க ஊர்ல இப்பிடி", "உங்க ஊர்ல அப்பிடி" என்று தெலுங்கில் ஒரு குரல், தமிழில் ஒரு மறுப்பு. யாரும் குரலைத் தாழ்த்தவில்லை. துண்டுக்காரரும் அந்தப் பெண்ணிடம் தெலுங்கிலேயே வாதாடிக்கொண்டிருந்தார்.

பதிப்பாளர் கவலையோடு ரெங்கநாயகியின் பக்கம் சாய்ந்தார். "மேடம், நிறுத்தச் சொல்லட்டுமா?"

"ஒத்து, வேண்டாம். விடுங்க" என்றார் அவர், முகத்தைத் திருப்பாமல். "அந்தச் சிவப்புச் சேலைக்காரி இன்னும் முடிக்கல."

அழைப்பிதழைத் திருப்பிப் போட்டு, அதன் வெற்றுப் பக்கத்தில், மிக வேகமாக எழுதிக்கொண்டிருந்தார்.